காந்திமதி சுவர் கொத்திய சரித்திரம்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு அவர்கள் பிறந்த நட்சத்திரத்தில் தொடங்கும். காந்திமதியின் வாழ்க்கை வரலாறு, 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நெய்வேலி இருபதாவது பிளாக்கில், இரண்டாம் டைப் குவார்ட்டர்ஸ் ஒன்றின் ஹால் சுவரில் உளி இறங்கிய நேரத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஐம்பத்தொரு வருடங்களை அவரே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் நடுவில் பிறந்து நடுவிலேயே வளர்ந்தவர் போலத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவதே மரியாதை.

ஊர், குறிஞ்சிப்பாடிக்கும் நெய்வேலிக்கும் நடுவில். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். சுரங்கம் வந்தபோது நிலக்காரர்கள் நிலத்தை இழந்தார்கள். அப்பாவிடம் இழப்பதற்கு எதுவும் இல்லாததால் மண்வெட்டியோடு நேராகக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். காண்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆனார். பர்மனென்ட் ஆன சந்தோஷம் அடங்குவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அந்த வேலை மகளுக்கு வந்தது. பாவாடை தாவணியைப் புடவையாக மாற்றிக்கொண்டு காந்திமதி ஸ்டோர்ஸில் போய் உட்கார்ந்தார். பேரிங், போல்ட், கையுறை, ரப்பர் வளையம் என்று கேட்டு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. அன்று உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. குவார்ட்டர்ஸும் அவர் பெயரில்தான்.

ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பொருள் என்பது பத்திரமாக வைத்திருப்பதற்கே என்று நம்புகிறவர்கள் முதல் வகை. இவர்களிடம் ஒரு ஜோடி கையுறை வாங்குவதற்குள் கை பழகிவிடும், கையுறையே தேவைப்படாது. பொருள் என்பது எடுத்துக் கொடுப்பதற்கு என்று நம்புகிறவர்கள் இரண்டாம் வகை. இந்த வகையில் அந்தக் கட்டடத்தில் இருந்தவர் காந்திமதி ஒருவர்தான். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், நல்ல ரப்பர் வளையங்களையெல்லாம் அவசரத்துக்கு உதவும் என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அவசரம் வந்தது. பீரோவைத் திறந்தார்கள். வளையங்கள் அப்பளம் போல நொறுங்கின. அன்றைக்கு அதைப் பெருக்கி அள்ளியவர் காந்திமதி. அந்த முறத்தோடு அவர் அள்ளிக்கொண்ட ஞானம் வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்தது.

ஸ்டோர்ஸில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் அதற்கு இடமில்லை. ஏனென்றால் வீட்டில் சக்கரபாணி இருந்தார்.

கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக இருக்கும் சக்கரபாணி நல்லவர். காப்பி நன்றாகப் போடுவார். குடிப்பதில்லை, சத்தம் போட்டுப் பேசுவதில்லை. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் சொந்த வீடு. வடலூரைத் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். மனையில் கருவேலம் வளர்ந்தது. வீடு காகிதத்தில் வளர்ந்தது. கல்யாணமான வருடம் ஓர் அறையும் சமையல்கட்டுமாகத் தொடங்கிய பிளான், மகள் பிறந்தபோது மாடி ஏறியது, அவள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது பால்கனி விட்டது. தானே புயலில் ஊரெல்லாம் மரம் விழுந்து, வீடுகளில் ஓடு பறந்த அந்த வாரத்திலும் அந்த வீட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு உறுதியான வீடு.

இதற்காக அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நகரியத்தில் எல்லாரும் இப்படித்தான். குவார்ட்டர்ஸில் உடம்பு இருக்கும். வாழ்க்கை, ரிட்டையர் ஆன பிறகு கட்டப்போகிற வீட்டில் இருக்கும். நல்ல பாத்திரம், நல்ல விளக்கு, நல்ல திரைச்சீலை எதுவானாலும், 'இது கம்பெனி வூடு, நம்ம வூட்டுக்குப் போய்ப் பிரிச்சுக்கலாம்' என்று லாஃப்டில் ஏறிவிடும். எந்தக் குவார்ட்டர்ஸின் லாஃப்டை எட்டிப் பார்த்தாலும் அட்டைப் பெட்டிகள் அட்டைப் பெட்டிகளாகக் குடியிருக்கும். கீழே இருக்கிறவர்களைவிட அவற்றுக்குத்தான் வசதியான எதிர்காலம்.

காந்திமதியின் லாஃப்டில் ஒரு டின்னர் செட், ஒரு குத்துவிளக்கு, ஊறுகாய் ஜாடிகள், இரண்டு மின்விசிறிகள், தம்பி கல்யாணத்துக்கு வாங்கி ஒருநாள்கூடக் கட்டாத பட்டுப்புடவை ஆகியவை வசித்துவந்தன. கடைசியாகக் குடிபோனது ஒரு ஹோம் தியேட்டர். மகள் இசைப்பிரியா சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் வாங்கி அனுப்பியது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு பெரிய அடித்தொண்டைப் பெட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர். சக்கரபாணி பெருமையில் கண்கலங்கினார். அட்டைப் பெட்டியின் மேல் டேப் ஒட்டினார். பிறகு பிளானை விரித்து, ஹால் சுவர்களுக்குள் ஸ்பீக்கர் ஒயர் எப்படிப் போக வேண்டும் என்று நீல மையில் கோடு போட்டார். அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு. அதைவிட நேராக எந்தச் சுவரிலும் எந்த ஒயரும் போனதில்லை.

"செவுத்துக்கு உள்ளயே போயிடும் காந்தி. வெளிய ஒரு ஒயர் தெரியாது" என்றார்.

"வூடே தெரியலியேங்க" என்றார் காந்திமதி.

பெட்டி இரண்டு வருடம் லாஃப்டில் இருந்தது.

இதற்கிடையில் இரண்டு சம்பவங்கள். முதலாவது, கடலூரில் ஒரு கடையில். மிக்ஸிக்கு ஜாடி வாங்கப் போன இடத்தில், கடைக்காரப் பையன்கள் இதே போன்ற ஒரு ஹோம் தியேட்டரில் ஒரு டிவிடி தட்டைப் போட்டு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காந்திமதி தட்டைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்க்கவில்லை. பில் போடும் இடத்தில் நின்றிருந்தார். பின்னால் வலது பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. சட்டென்று முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்குள் இன்னும் நாலடி நகர்ந்தார். கடையே சிரித்தது. வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காந்திமதி சிரிக்கவில்லை. ஓட்டுக்கூரை வீட்டில், கதவோரம் படுத்திருந்த வயதில் மழை வந்தால் இன்ன திசையிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். கான்கிரீட் கூரைக்குக் கீழே வந்த பிறகு மழைக்குத் திசையே இல்லாமல் போயிருந்தது. அதைத் திருப்பித் தரும் சாதனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும், அது தன் லாஃப்டில் டேப் ஒட்டிக் கிடக்கிறது என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் உறைத்தது.

இரண்டாவது சம்பவம், காது டாக்டரிடம். ஸ்டோர்ஸில் கவுன்டருக்கு வலப்பக்கம் நின்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று பேச்சு வந்தபோது, திமிர் என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். காந்திமதிக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

"வலது காது இறங்குதும்மா. இடது பரவாயில்ல, ஆனா அதையும் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர். "உங்க வீட்டுல யாருக்காவது உண்டா?"

அம்மாவுக்கு உண்டு. ஐம்பத்தைந்து வயதில் அம்மாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரிடம் எல்லாரும் கையை ஆட்டித்தான் பேசினார்கள்.

"மெஷின் வெச்சா கேக்குமுங்களா?"

"கேக்கும். எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கறத மட்டும் சரியா சொல்லாது."

வீட்டில் காந்திமதி இதைச் சொல்லவில்லை. சொன்னால் சக்கரபாணி நிச்சயம் வருத்தப்படுவார். வருத்தப்பட்டு, சொந்த வீட்டுப் பிளானில் காதுக்கென்று தனியாக ஓர் அறை சேர்ப்பார். காதோ பிளானுக்குக் காத்திருக்கிற சரக்கு அல்ல. அதற்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது, அது முடிந்துகொண்டிருக்கிறது. ஸ்டோர்ஸ்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, சக்கரபாணி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, காந்திமதி ஸ்டூலைப் போட்டு லாஃப்டில் ஏறிப் பெட்டியை இறக்கினார். டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டு சக்கரபாணி டம்ளரோடு ஓடிவந்தார்.

"காந்தி, என்ன இது?"

"நாளைக்கு ஒயரிங் ஆளு வர்றாரு. இந்த ஹால்லயே மாட்டப் போறோம்."

"சரி, மாட்டலாம். செவுத்தோரமா ஒயர விட்டு, ஆணி அடிச்சு..."

"உள்ள. செவுத்துக்கு உள்ள. நீங்க கோடு போட்டீங்களே, அதேமாதிரி."

சக்கரபாணி டம்ளரை மேஜையில் வைத்தார். "இது குவார்ட்டர்ஸ்மா. கொத்தக் கூடாது. அதுவும் எதுக்கு? வெளியே விட்டாலும் அதே சத்தம்தான் வரும்."

"வெளிய விட்டா ஒரே நாள்ல நீங்க சுருட்டி, பெட்டியில போட்டு, மறுபடியும் மேல ஏத்திடுவீங்க. செவுத்துக்குள்ள போனத ஏத்த முடியாது பாருங்க."

இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் தன்னை இவ்வளவு துல்லியமாக ஒருவர் கணித்திருப்பது சக்கரபாணிக்கு அன்றுதான் தெரிந்தது.

"கம்பெனி செவுரு" என்றார் கடைசியாக.

"அப்பா கூலிக்குப் போனதும் அங்கதான், பர்மனென்ட் ஆனதும் அங்கதான். நான் அங்கியே தேஞ்சுகினு இருக்கறேன். இவ்ளோ செஞ்சதுக்கு நாலு ஒயர் அந்தச் செவுத்துல இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் காலை மணிமாறன் வந்தார். குள்ளஞ்சாவடிக்காரர், கான்சீல்டு ஒயரிங்கில் இந்த வட்டாரத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற கருத்து அவருக்கு உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை. கட்டர், உளி, பிவிசி பைப், சிவப்பும் கறுப்புமாக முனை வைத்த சுவர்ப் பெட்டிகள், கொஞ்சம் வெற்றிலை ஆகியவற்றோடு வந்து இறங்கினார். ஹாலை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த டைப்பு நான் கண்ண மூடிகினே செய்வேங்க்கா. போன மாசம்தான் பதினெட்டாவது பிளாக்குல இதே வூடு முடிச்சேன்."

இங்கேதான் விதி சிரித்தது. நெய்வேலிக் குவார்ட்டர்ஸ்கள் ஜோடி ஜோடியாகக் கட்டப்பட்டவை. ஒரு சுவரின் இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இரண்டு வீடும் அச்சு அசலாக ஒன்று, ஆனால் கண்ணாடியில் பார்த்ததைப் போல. இங்கே சமையலறை இடது பக்கம் என்றால் அங்கே வலது பக்கம். வீடு மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோனவர்கள் மூன்று மாதம் வரை பாத்ரூம் என்று நினைத்து ஸ்டோர் ரூமைத் திறப்பார்கள். மணிமாறன் போன மாதம் செய்தது கண்ணாடியின் மறுபக்கத்து வீடு. அங்கே ஹாலின் வலது சுவர், தெருவைப் பார்த்த வெளிச்சுவர்; கனமானது. ஓங்கி அடித்தாலும் தாங்கும். இங்கே வலது சுவர், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், ஒல்லி.

டிவி இருக்கும் முன்சுவரில் பெட்டி வைத்தாயிற்று. கரண்ட் லைனிலிருந்து ஒரு சாண் தள்ளி பைப் புதைத்து, ஒயரை இழுத்தாயிற்று. லைனோடு ஒட்டிப் போனால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும் என்று மணிமாறன் விளக்கினார். இடது பின் மூலை முடிந்தது. வலது பின் மூலைக்கு வந்தார். வெளிச்சுவருக்கு உரிய மரியாதையோடு உளியை வைத்து, சுத்தியலை ஓங்கி நான்கு போடு போட்டார். ஐந்தாவது அடிக்கு உளி எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விட்டது.

மறுபக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஏனுங், இது என்ன அக்கிரமமுங்!"

அந்தக் குரல் மருதாசலத்தினுடையது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் ஆபரேட்டராக இருப்பவர். பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கூட்டத்துக்கு வேறு யாரும் வராததே காரணம். நைட் ஷிப்ட் முடித்து வந்து, அந்தச் சுவரை ஒட்டித் தலையணை போட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். உளி வெளிப்பட்டது அவர் தலைமாட்டில் தொங்கிய ஷிப்ட் காலண்டரின் நடுவில்.

காந்திமதி குனிந்து ஓட்டையில் பேசினார். "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு இன்னிக்கு செகண்ட் ஷிப்ட்டுன்னு பெரியநாயகி சொன்னாங்களே. கேட்டுகினுதான் ஆரம்பிச்சோம்."

"மாத்திப்போட்டாங்க அம்மிணி. காலண்டர்ல திருத்தலீங்."

"இப்ப நாங்களே திருத்திட்டோம்" என்றார் மணிமாறன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

இரண்டு நிமிடத்தில் மருதாசலம் லுங்கியும் பனியனுமாக வாசலுக்கு வந்துவிட்டார். ஹாலைப் பார்த்தார். சுவரெல்லாம் ஒயர் போவதற்கு நீளமாகக் காடி வெட்டியிருந்தது. தரையெல்லாம் செங்கல் தூள். நடுவில் சக்கரபாணி, கையில் துடைப்பத்தோடு, எந்தக் கட்சி என்று சொல்ல முடியாத முகத்தோடு நின்றிருந்தார்.

"ஒரு ஆணி அடிக்கோணும்னாலே பர்மிசன் வாங்கோணுமுங். நீங்க இங்கயே ஒரு மைன்ஸ் தொறந்துபோட்டீங்களே."

"ஆமாங்கண்ணா."

மறுப்பை எதிர்பார்த்து வந்தவருக்கு 'ஆமாம்' என்பது பெரிய இடைஞ்சல். லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். "குவார்ட்டர்ஸ் பாக்கற எஸ்டேட் ஆபீஸ்ல சொல்லோணுமுங்."

"சொல்லுங்க. நானும் கூடவே வர்றேன். நீங்க உங்க பக்கத்து ஓட்டைய மட்டும்தான் சொல்லுவீங்க. மீதி செவுரெல்லாம் கொத்தனது விட்டுப்போயிடும். குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்குது, நான்தான் அலாட்டி, என் வாயால முழுசா சொன்னாத்தான் சரியா இருக்கும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்."

"அப்ப நாளைக்குக் காலையில போலாம். அதுக்குள்ள வேல முடிஞ்சிடும்."

"வீட்டக் காலி பண்றப்போ பழையபடிக்கு ஒப்படைக்கோணும், தெரியுமுங்களா?"

"காலி பண்ணும்போது பாத்துக்கலாம்."

சக்கரபாணி திடுக்கிட்டார். லாஃப்டிலிருந்து எதை இறக்கச் சொன்னாலும் அவர் சொல்லுகிற வாக்கியம் அது. இத்தனை வருடமாக அவர் ஒருவரே அனுபவித்துவந்த வாக்கியம். அதை இந்தத் திசையில் திருப்பிச் சுட முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

இந்தச் சமயத்தில் ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. மருதாசலத்தின் மனைவி பெரியநாயகியின் கண்.

"அக்கா, என்னங்க்கா பண்றீங்?"

"ஹோம் தியேட்டர் மாட்டறோம்."

"லாஃப்ட்ல இருந்துச்சே, அதுங்களா? பிரிச்சுப்போட்டீங்களா?" குரலில் இருந்தது அதிர்ச்சியா பொறாமையா என்று சுவர் வழியாகப் பிரித்தறிய முடியவில்லை. "சித்த அடைக்காம வையுங்க. நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்."

"நீ உள்ள போ" என்றார் மருதாசலம், வாசலிலிருந்து.

"நான் உள்ளதானுங்க இருக்கறேன்" என்றது ஓட்டை.

மணிமாறனுக்கு இந்த விவாதங்களில் ஆர்வமில்லை. அவர் தொழில் கௌரவத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை வேகத்தால் ஈடுகட்டினார். பெட்டியைப் பதித்து, சுற்றிலும் சிமெண்டு பூசி, ஓட்டைக்கு மட்டும் காய்ந்த பிறகு பூசலாம் என்று விட்டு, ஸ்பீக்கர்களை மாட்டினார். பிறகு சோதனை. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆம்ப்ளிஃபயரை இணைப்பதற்கு முன்பு, முன்சுவர்ப் பெட்டியில் இருக்கும் ஒயர் முனைகளில் ஒரு டார்ச் செல்லைத் தொட்டு எடுப்பார். அந்த ஒயர் எந்த ஸ்பீக்கருக்குப் போகிறதோ அது 'டப்' என்று ஒருமுறை சொல்லும். வீட்டுக்காரர் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்து, சத்தம் வந்த பக்கம் கையைக் காட்ட வேண்டும். கண்ணாடி வீடுகளில் அவருக்கு இடதும் வலதும் மாறிவிடுகிற வியாதி உண்டு என்பதால் வந்த முறை இது.

காந்திமதி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

டப்.

இடது பின் மூலையைக் காட்டினார்.

"கரெக்ட்டு. அடுத்தது."

டப்.

காந்திமதி மறுபடியும் இடது பின் மூலையைக் காட்டினார்.

"மாறிப்போச்சு" என்றார் மணிமாறன், தலையில் அடித்துக்கொண்டு. "எனக்குத் தெரியும். இந்த டைப்புல எப்பவும் இதே கேடு." முனைகளை மாற்றிப் போட்டார். "இப்ப சொல்லுங்க்கா."

டப். இடது. டப். இடது.

"ரெண்டும் எப்படிங்க ஒரே பக்கம் போவும்? ரெண்டு ஒயர நான் தனித்தனியா இழுத்தேன்." உளியை எடுத்தார். "பைப்புக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு இருக்குது. தொறந்துதான் பாக்கணும்."

"மறுபடியும் கொத்தறீங்களா?" என்று மருதாசலம் அலறினார்.

அப்போது ஓட்டை பேசியது.

"எதுக்குங் கொத்தறீங்? இப்ப வந்தது இந்தப் பக்கந்தானுங்களே. என்ற காதுகிட்டயே டப்புங்குது. ஏனுங்க்கா, உங்களுக்குக் கேக்கலீங்களா?"

மணிமாறன் செல்லை வைத்தார். எடுத்தார். வலது ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதம் ஒரு முறை துள்ளியதை எல்லாரும் பார்த்தார்கள். கண்ணை மூடியிருந்த காந்திமதியின் கை இடது பக்கம் போனது.

காந்திமதி கண்ணைத் திறந்தபோது எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி இருந்தது. அந்த முகத்தை அவர் அறிவார். அம்மாவைச் சுற்றி நின்ற முகம்.

"எப்போலேர்ந்து?" என்றார் சக்கரபாணி.

"ஒரு வருஷமா இறங்கிகினு இருக்குது. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பிளான்ல வரைஞ்சிருப்பீங்க."

சக்கரபாணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமாக அந்த இடத்தில் வருகிற 'நம்ம வூட்டுக்குப் போய்' வாக்கியம்தான் வந்தது போலிருக்கிறது, பாதியில் விழுங்கிவிட்டார்.

துக்க வீட்டில் முதலில் பேசுகிறவர் எப்போதும் நியாயஸ்தராகத்தான் இருப்பார். மருதாசலம் தொண்டையைக் கனைத்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. குரலில் இப்போது பாசம் சொட்டியது.

"அம்மிணி, நான் ஒண்ணு சொல்றனுங். தப்பா எடுத்துக்காதீங். வலப்பக்கம் கேக்கறதில்லீனு ஆயிப்போச்சு. அப்புறம் அந்தப் பக்கம் ஸ்பீக்கரு எதுக்குங்? ரெண்டையும் இடப்பக்கமே மாட்டிப்போட்டா உங்களுக்கும் நல்லாக் கேக்கும், இந்தச் செவுத்தையும் பூசி அடைச்சுப்போடலாம். ஆபீசு வரைக்கும் போகவே வேண்டியதில்லீங்."

"அதுவும் சரிதாங்க்கா" என்றார் மணிமாறன். "ஒரு ஒயர் மிச்சம்."

சக்கரபாணியும் மெதுவாகத் தலையாட்டினார். "இடது பக்கம் ரெண்டும் வெச்சா நல்லாத்தான் இருக்கும், காந்தி."

மூன்று ஆண்கள், மூன்று நல்லெண்ணங்கள், ஒரே முடிவு. நகரியத்தின் வரலாற்றில் குடியிருப்போர் சங்கம் ஒரு தீர்மானத்தை இவ்வளவு ஒற்றுமையாக நிறைவேற்றியதில்லை. உளியும் ஸ்க்ரூ டிரைவரும் தயாராக இருந்தன. ஐந்து நிமிட வேலை. வலது பின் மூலை வெறும் மூலையாகிவிடும். காந்திமதியின் வாழ்க்கையில் அந்தத் திசையே இல்லாமல் போய்விடும். அதன் மேல் வெள்ளையடித்தால் அப்படி ஒன்று இருந்த சுவடும் தெரியாது.

"தொடாதீங்க" என்றார் காந்திமதி.

மணிமாறனின் கை நின்றது.

"அந்தப் பக்கம் எனக்கு வேணும்."

"கேக்காதுங்களே அம்மிணி."

"கேக்காத காதுக்கும் நான்தாங்க சொந்தக்காரி. இன்னிக்கு இந்த மூலைய எடுத்துடுவீங்க. நாளைக்கு இடதும் இறங்கும். அப்ப அந்த மூலையும் எதுக்குன்னு கேப்பீங்க. அப்புறம் எல்லாத்தையும் பெட்டியில போட்டு ஏத்திடுவீங்க, என்னையும் சேத்து. வலது ஸ்பீக்கர் வலதுலதான் இருக்கும். மணிமாறன், ஒயர பழையபடி போடுங்க. நீங்க மொதல்ல போட்டதே சரியா இருந்துச்சு."

மணிமாறனுக்கு இதைவிட இனிமையான வாக்கியத்தை அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. உடனே கட்சி மாறினார். "பாத்தீங்களா, நான் சொன்னேனே" என்று யாரிடமும் சொல்லாத ஒன்றை எல்லாரிடமும் நினைவுபடுத்திக்கொண்டு, முனைகளைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முழம் ஒயரைச் சுருட்டி உள்ளே விட்டு, மூடியைத் திருகினார்.

மருதாசலம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "நாளைக்கு ஆபீசு போறமுங்களா?"

"கண்டிப்பா. காப்பி குடிச்சிட்டு வாங்க, சேந்தே போலாம்."

"போறதுன்னா போங்" என்றது ஓட்டை. "போயிட்டு வர்றப்ப ஆளு கூட்டியாங்க. நம்ம லாஃப்ட்ல என்ற தம்பி வாங்கிக் குடுத்த வாஷிங் மெஷினு நாலு வருசமாத் தூங்குது. அதுக்கும் பைப்பு வெக்கோணும்."

மருதாசலம் சுவரைப் பார்த்தார். பிறகு தன் லுங்கியைப் பார்த்தார். நைட் ஷிப்ட் பார்த்த மனுஷன் தூங்க வேண்டும் என்று பொதுவாக அறிவித்துவிட்டு வெளியேறினார். திங்கட்கிழமை காலை காந்திமதி தயாராகி வாசலில் நின்றபோது அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. காந்திமதி தனியாகவே போய் எஸ்டேட் ஆபீஸில் எல்லாவற்றையும் சொன்னார். அங்கே இருந்தவர் குறித்துக்கொண்டு, வந்து பார்ப்பதாகச் சொன்னார். பார்க்க வருகிறவருக்காக இப்போதும் காப்பித்தூள் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்குச் சாயங்காலம், சிமெண்டு வாசனை போகாத ஹாலில், சக்கரபாணி ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொடுத்தார். பெட்டியோடு வந்திருந்த மாதிரித் தட்டு ஒன்று இருந்தது. கடலூர்க் கடையில் ஓடியதும் அதேதான். அதைப் போட்டார். தனக்கு ஒரு நாற்காலி, மனைவிக்கு ஒரு நாற்காலி, இரண்டையும் டிவியைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். தானாகவே போட்டார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

மழை வந்தது. காந்திமதி கேட்டார். எல்லா மழையும் இடது பக்கம் பெய்தது. வலது பக்கம் காய்ந்து கிடந்தது. சக்கரபாணி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காந்திமதி எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்தார். தரையில் கிறீச்சென்று இழுத்து, முழுவட்டத்தில் பாதி திருப்பி, டிவிக்கு முதுகைக் காட்டிப் போட்டார். பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வலது மூலையாக இருந்தது இப்போது அவருக்கு இடது கைப் பக்கம் வந்திருந்தது.

"காந்தி, டிவி இந்தப் பக்கம் இருக்குது."

"அத நீங்க பாருங்க."

தட்டில் மழை திரும்ப ஆரம்பித்தது. முதலில் ஒன்று இரண்டு சொட்டு. பிறகு அந்த மூலையில், எல்லாருமாகச் சேர்ந்து வேண்டாம் என்று முடிவு செய்த அந்த மூலையில், சடசடவென்று பிடித்தது. காந்திமதி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை மடியிலிருந்து தானாக எழுந்து, மழை வரும் திசையைக் காட்டியது. சரியான திசை.

சக்கரபாணிக்கு என்ன தோன்றியதோ, டிவியை விட்டுவிட்டுத் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே போடுவது என்று கொஞ்ச நேரம் அல்லாடினார். கடைசியில் மனைவியின் முகம் தெரிகிற மாதிரி, அவருக்கு எதிரில், இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காந்திமதி ஒரு கண்ணைத் திறந்தார்.

"தள்ளி உக்காருங்க" என்றார். "மழைய மறைக்கிறீங்க."